மைலோ டின்னில் கிடந்த நெகட்டிவ்: ஸ்கேன் சரியாக வராவிட்டால் எங்கே பார்ப்பது

தீபாவளிக்கு முன் வீடு ஒதுக்கும்போதுதான் பெரும்பாலும் அந்த டின் வெளியே வரும். பழைய மைலோ டின், அல்லது பிஸ்கட் டின், உள்ளே ஸ்டூடியோ உறை, உறைக்குள் நாலு படம் ஆறு படமாக வெட்டிய நெகட்டிவ். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, பல லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிபட்ட பிறகு, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் கையில் இருப்பது இந்த டின் மட்டும்தான். ஆல்பத்துப் படங்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகமே உரிந்து வருகிறது. நெகட்டிவ் அப்படி இல்லை, ஓரளவு ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் நன்றாகவே இருக்கும். அதனால் ஸ்கேன் ஒருமுறை கெட்டுப்போய் வந்தது என்பதற்காக நெகட்டிவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மென்பொருள் தானாக எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.

காசைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரோடு வரும் மென்பொருள் இலவசம், தொடங்க அது போதும். வண்ணம் திருத்த கிம்ப், டார்க்டேபிள், ராதெராபி மூன்றும் இலவசம். காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் பரிந்துரைப்பது வியூஸ்கேன் ஒன்றைத்தான். அதில் நெகட்டிவ் ஸ்கேன் செய்ய புரொஃபெஷனல் பதிப்பு வேண்டும், ஆனால் வாங்கும் முன் சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்க்கலாம், படத்தின் மேல் டாலர் குறிகளாக வாட்டர்மார்க் விழுமே தவிர உங்கள் ஸ்கேனரோடு பேசுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். சில்வர்ஃபாஸ்ட்டும் நல்லதுதான், ஆனால் அதன் உரிமம் ஒரு குறிப்பிட்ட ஸ்கேனர் மாடலுக்கு மட்டும் என்பதால், நாளைக்கு ஸ்கேனரை மாற்றினால் மறுபடி செலவு.

சரி, இனி உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

ஸ்கேனரைக் காணோம் என்கிறது, அல்லது 'ஃபில்ம்' என்ற தேர்வே வரவில்லை

முதல் கேள்வி, உங்கள் ஸ்கேனரின் மூடிக்குள் விளக்கு இருக்கிறதா? அலுவலகத்தில் பத்திரம் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனரில் ஒளி கீழிருந்து மட்டும்தான் வரும். நெகட்டிவுக்கு ஒளி அதன் வழியாக ஊடுருவி வர வேண்டும். எப்சன் வி600 போன்றவற்றில் மூடிக்குள் விளக்கு இருக்கும், பிளஸ்டெக் ஆப்டிக்ஃபில்ம் வகை ஃபில்முக்கென்றே செய்தது. மூடியில் விளக்கு இல்லாத ஸ்கேனரை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. அதை வைத்துப் பழைய பிரிண்டுகளை ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) போதும்.

விளக்கு இருந்தும் தேர்வு வரவில்லையென்றால், மூடியிலிருந்து வரும் தனி வயர் பின்னால் சரியாகச் செருகியிருக்கிறதா பாருங்கள். வீடு கூட்டும்போது இழுபட்டுக் கழன்றிருக்கும்.

ஸ்கேனரையே கணினி கண்டுகொள்ளவில்லையென்றால் டிரைவர் பிரச்சினை. யாரோ கொடுத்த பழைய ஸ்கேனருக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்காமல் போவது சகஜம், மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவோடு 32-பிட் மென்பொருள்கள் எல்லாமே ஓடாமல் நின்றுவிட்டன. தயாரித்த நிறுவனம் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களை வியூஸ்கேன் இன்னும் ஓட்டுகிறது என்பதுதான் அதற்குக் காசு கொடுப்பதில் உள்ள நியாயம். அதற்கும் முன்னால் யூஎஸ்பி வயரை மாற்றி, ஹப் இல்லாமல் நேரே கணினியில் செருகிப் பாருங்கள்.

படம் முழுக்கக் கறுப்பு, அல்லது ஒன்றுமில்லாத வெள்ளை

மூடியின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும், காகிதம் ஸ்கேன் செய்வதற்கானது. நெகட்டிவுக்கு அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மேல்விளக்கை மறைத்துவிடும். அப்புறம் மென்பொருளில் ஆவண வகை 'ரிஃப்ளெக்டிவ்' (காகிதத்துக்கானது) என்று இருக்கிறதா, 'ஃபில்ம்' என்று இருக்கிறதா பாருங்கள். நெகட்டிவைச் சட்டம் (ஃபில்மைப் பிடித்துவைக்கும் ஹோல்டர்) இல்லாமல் கண்ணாடிமேல் இஷ்டத்துக்கு வைத்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். ஏன் என்பது கோடுகள் பற்றிய பகுதியில் வருகிறது.

எல்லாம் நீலமாக வருகிறது, அல்லது சோறு வடித்த கஞ்சி போல வெளிறி வருகிறது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கலர் நெகட்டிவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் படமே இல்லாத ஓரம்கூட ஆரஞ்சாக இருக்கும். அது பழசானதால் வந்த கறை இல்லை. ஃபில்மில் உள்ள சாயங்கள் தங்களுக்குரிய நிறத்தை மட்டுமன்றிப் பக்கத்து நிறத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் குறையை ஈடுகட்டத் தயாரிக்கும்போதே சேர்த்த முகமூடி அது. 1972-இல் வந்த சி-41 முறையில் கழுவிய ஃபில்ம் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். சும்மா நிறத்தைத் திருப்பிப் போட்டால் ஆரஞ்சுக்கு எதிர்நிறமான நீலம் படம் முழுக்கப் படரும். ஆக, திருப்பினால் மட்டும் போதாது, அந்த ஆரஞ்சைக் கழித்தாக வேண்டும்.

மென்பொருள் இதைத் தானாகச் செய்யப் பார்க்கும், ஆனால் நீங்கள் கட்டம் கட்டிக் காட்டிய பகுதிக்குள் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்குப் போடும். கட்டத்துக்குள் சட்டத்தின் கறுப்பு விளிம்பும் சேர்ந்துவிட்டதா? திருப்பியதும் அதுதான் படத்திலேயே மிக வெள்ளையான இடம். ஃபில்ம் ஓரத்திலுள்ள பல்சக்கர ஓட்டை சேர்ந்துவிட்டதா? அதுதான் மிகக் கறுப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு மென்பொருள் எல்லையைப் போட்டுவிடும், நடுவில் அப்பாவும் அம்மாவும் சாம்பல் நிறத்தில் நிற்பார்கள். எனவே கட்டத்தை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போடுங்கள். எப்சன் ஸ்கேனில் 'தம்ப்நெயில்' என்ற குறியை எடுத்துவிட்டால் கட்டத்தை நீங்களே போடலாம். இருட்டில் எடுத்த படத்தைப் பாதியாக வெட்டிவிடுகிறது என்ற குறையும் அதோடு தீரும், ஏனென்றால் இருட்டுப் படத்தில் ஓரம் எது படம் எது என்று அதற்குத் தெரிவதில்லை. வியூஸ்கேனில் கிராப் பக்கத்தில் ஓரத்தை விலக்குவதற்கென்று ஒரு சதவீதம் இருக்கும், அதைக் கூட்டினால் ஓரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லையென்றால் கையால் செய்துவிடுங்கள். ஸ்கேனரில் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்து, 48-பிட் டிஃப் கோப்பாக (நிற விவரத்தை முழுதாக வைத்திருக்கும் வகை), பாசிட்டிவ் ஃபில்ம் என்று சொல்லியே ஸ்கேன் எடுங்கள். ஆரஞ்சு நெகட்டிவ் அப்படியே வரும், வரட்டும். கிம்ப்பில் திறந்து (2.10-உம் அதற்குப் பிந்தியதும் 16-பிட் கோப்பை அப்படியே கையாளும்) ஓரத்தை வெட்டுங்கள். 'கலர்ஸ்' மெனுவில் 'இன்வெர்ட்' கொடுங்கள். பிறகு 'லெவல்ஸ்'. அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, மலைபோலத் தெரியும் வரைபடம் எங்கே தொடங்குகிறதோ அங்கே இடது முனையையும் எங்கே முடிகிறதோ அங்கே வலது முனையையும் கொண்டுபோய் வையுங்கள். மூன்றும் முடிந்ததும் நீலத்திரை விலகி நிறம் வந்து நிற்கும். முதல்தடவை இதைப் பார்க்கும்போது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. கடைசியாக மொத்த வெளிச்சத்தை நடு முனையால் ஏற்றி இறக்குங்கள். பழகிவிட்டால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்.

கேமராவால் நெகட்டிவைப் படம் பிடிப்பவர்களுக்கு, அதாவது லைட் பேட் மேல் வைத்து மேக்ரோ லென்ஸில் எடுப்பவர்களுக்கு, டார்க்டேபிளில் 'நெகாடாக்டர்' என்ற பகுதி 2020-இல் 3.2 பதிப்போடு வந்தது. படம் விழாத ஆரஞ்சு ஓரத்தைச் சுட்டிக் காட்டினால் அதைக் கழித்துவிடும். அதை உபயோகிக்கும்போது 'ஃபில்மிக்', 'சிக்மாய்ட்' என்ற வெளிச்சம் சீராக்கும் பகுதிகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்து படம் முரட்டுத்தனமாகிவிடும். ராதெராபியிலும் 'ஃபில்ம் நெகட்டிவ்' கருவி இருக்கிறது.

பால்மரம் சாம்பலாகவும் முகம் ரோஸாகவும் வருகிறது

இது நம் ஊர்ப் படங்களுக்கென்றே உள்ள கோளாறு, இதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை.

எழுபதைத் தாண்டிய ஒரு அக்கா தன் கணவர் வெட்டுக்காட்டில் (பால் எடுக்க மரப்பட்டையை வெட்டும் இடம்) நிற்கும் படத்தைக் கொண்டுவந்தார். முதல் ஸ்கேனைத் திரையில் பார்த்துவிட்டு, "இது நம்ம டிவிஷன்தான் தம்பி, ஆனா மரமெல்லாம் ஏன் செத்துப்போன மாதிரி இருக்கு?" என்றார் (டிவிஷன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு). அவர் சொன்னது ரொம்பச் சரி. தானியங்கி வண்ணத் திருத்தம் பலவற்றின் கணக்கு, படத்தின் எல்லா நிறத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் வர வேண்டும் என்பது. வெட்டுக்காட்டு நிழலில் எடுத்த படத்தில் இலை பச்சை, புல் பச்சை, மேலிருந்து இறங்கும் வெளிச்சமே பச்சை. மென்பொருள் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு எதிர்நிறமான மெஜந்தாவைக் கொட்டும். மரம் சாம்பலாகும், மனிதர் ரோஸாகிவிடுவார். தீமிதியில் மஞ்சள் புடவைக் கூட்டத்தை எடுத்த படத்துக்கும் இதே கதி, அங்கே மஞ்சள் போய் நீலம் ஏறும்.

தீர்வு, ஒவ்வொரு படமாகத் தானியங்கிக்கு விடாமல், ஒரு சுருளுக்கு ஒரு அளவு என்று பூட்டிவிடுவது. வியூஸ்கேனில் இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள வெற்று ஆரஞ்சில் கட்டம் போட்டு முன்னோட்டம் எடுங்கள், 'லாக் எக்ஸ்போஷர்' குறி போடுங்கள், மறுபடி முன்னோட்டம், பிறகு 'லாக் ஃபில்ம் பேஸ் கலர்'. இனி அந்தச் சுருளின் படங்கள் எல்லாவற்றுக்கும் அதே ஆரஞ்சைத்தான் கழிக்கும், படத்தில் எவ்வளவு பச்சை இருந்தாலும் குழம்பாது. நெகாடாக்டரிலும் அப்படித்தான், ஒரு படத்தில் எடுத்த அளவை மற்றவற்றுக்கு நகலெடுங்கள். வெவ்வேறு சுருளைக் கலக்காதீர்கள், ஃபில்ம் மாறினால் ஆரஞ்சும் மாறும். ஓரத்தில் அச்சடித்திருக்கும் பெயரையும் எண்ணையும் பார்த்தால் எது எந்தச் சுருள் என்று பிரித்துவிடலாம்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் சாய்வு இருந்தால், படத்தில் சாம்பலோ வெள்ளையோ ஆகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடிப்பிடித்து அதை நடுநிலையாகக் காட்டுங்கள். தோட்டத்துப் படங்களில் துருப்பிடிக்காத தகரக் கூரை, லயத்து வாசல் சிமெண்டுப் படி, வெயிலில் நிற்கும் பிள்ளையின் பள்ளிச் சட்டை, இவை கைகொடுக்கும். மரநிழலில் நிற்கும் வெள்ளைச் சட்டையை எடுக்காதீர்கள், அதில் இலையின் பச்சை விழுந்திருக்கும். மண்டபக் கல்யாணப் படங்களில் ஃபிளாஷ் பட்ட முகம் ஒரு நிறம், டியூப்லைட் விழுந்த பின்பக்கம் பச்சை, இரண்டையும் ஒரே திருத்தத்தில் சரிசெய்ய முடியாது. முகத்தைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. முகம் 'பளிச்' என்று தெரிய வேண்டுமென்று தோலை வெளுக்க வைக்காதீர்கள். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை மரம் வெட்டியவர்களின் நிறம் அது, அந்த நிறம் அந்த நிறமாகவே வர வேண்டும். கண்ணும் பல்வரிசையும் தெரிகிற அளவுக்கு நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினால் போதும். அக்காவின் படத்தை நான் நாலுதடவை திருப்பித் திருப்பிச் செய்தேன், கடைசியில் மரப்பட்டையில் வெட்டின கோடும் அவர் கணவரின் முகமும் ஒரே நேரத்தில் தெளிந்து வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, திரையைத் தொட்டுப் பார்த்தார்.

மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடு

எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கோடு வந்தால் அது நெகட்டிவில் உள்ள கீறல் இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் ஸ்கேனர் கண்ணாடியின் ஒரு முனையில் வெறும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னை அளந்துகொள்ளும். ஃபில்ம் சட்டத்தில் அந்த இடத்துக்கு நேராக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அங்கே ஒரு தூசி இருந்தாலும் படம் நெடுக அது கோடாக விழும், அந்த இடத்தையே மறைத்துவிட்டால் படம் கறுத்தோ வெளிறியோ போகும். அந்தத் திறப்புக்குக் கீழேயுள்ள கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். நானே இதற்காக ஒரு வாரம் டிரைவரை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் கண்ணாடியில் ஒட்டியிருந்தது ஒரு பூனைமுடி. கோடு ஒரே ஒரு படச்சரத்தில் மட்டும், நீளவாக்கில் வருகிறதென்றால் அது கழுவிய காலத்திலேயே விழுந்த கீறல்.

தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வானவில் வளையங்கள்

நெகட்டிவ் சுருண்டு கண்ணாடியைத் தொடுகிறது. நியூட்டன் வளையம் என்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சுருள்வது அதிகம். உறையோடு கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்து நிமிர்த்துங்கள். சட்டத்தில் வைக்கும்போது சுருண்ட வளைவின் முதுகு மேலே இருக்கட்டும்.

எவ்வளவு டிபிஐ போட்டாலும் மங்கல்

பெட்டியில் 6400 என்று போட்டிருப்பதை நம்பி 6400-இல் எடுக்காதீர்கள். வீட்டு ஃபிளாட்பெட் (கண்ணாடிமேல் வைத்து எடுக்கும்) ஸ்கேனர்கள் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் மிகச் சிறிய பங்குதான். 35 மிமீ படத்தின் அளவு 24-க்கு 36 மிமீ, 2400 டிபிஐ-யில் எடுத்தால் சுமார் 3400-க்கு 2270 புள்ளி வரும், 48-பிட்டில் கோப்பு 46 எம்பி. 6400-இல் எடுத்தால் ஒரே படம் 330 எம்பி, கணினி திணறும், ஆனால் புதிதாக ஒரு புருவமுடிகூடத் தெரியாது. ஃபிளாட்பெட்டுக்கு 2400, ஃபில்முக்கென்றே உள்ள ஸ்கேனருக்கு 3600 என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

சட்டத்தில் உயரம் மாற்றும் வசதி இருந்தால் ஒரே படத்தை ஒவ்வொரு உயரத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும். 'ஷார்ப்பன்' எல்லாவற்றையும் ஸ்கேன் நேரத்தில் அணைத்துவைத்து, கடைசியில் மட்டும் கொஞ்சமாகப் போடுங்கள்.

தூசி, பூஞ்சை, கறுப்பு வெள்ளையில் சிதைந்துபோன முகங்கள்

டிஜிட்டல் ஐஸ் என்ற தூசி நீக்கம் அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கிறது. கலர் ஃபில்மின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறைக்கும், அதனால் எது தூசி என்று தெரிந்துவிடுகிறது. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபில்மில் படமே வெள்ளித் துகள், அதுவும் மறைக்கும். ஆகவே தாத்தாவின் மீசையைத் தூசி என்று நினைத்து அழித்துவிடும். கறுப்பு வெள்ளைக்கு ஐஸை எப்போதும் அணையுங்கள். கோடாக்ரோம் ஸ்லைடுகளுக்கும் இது ஒத்துவராது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி சி-41-இல் கழுவும் கறுப்பு வெள்ளைக்கு மட்டும் பரவாயில்லை.

தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சட்டைத் துணியால் துடைத்தால் கீறல் நிரந்தரம். பூஞ்சை சிலந்திவலை மாதிரி தெரிந்தால் தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமே போய்விடும். அப்படியே ஸ்கேன் எடுத்து, கிம்ப்பின் 'ஹீல்' கருவியால் முகத்தில் உள்ளதை மட்டும் நீக்குங்கள். வானத்திலும் சுவரிலும் உள்ள புள்ளிகளோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம், இன்னும் ஒரு டின் காத்திருக்கிறது.

கோயில் வளைவில் எழுத்து இடம் வலம் மாறியிருக்கிறது

நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டீர்கள். பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்க முடிய வேண்டும். எழுத்து எதுவும் இல்லாத படத்தில் இது தெரியாமலே போய்விடும், புடவை முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது, சட்டைப் பை எந்தப் பக்கம் என்று பாருங்கள். கணினியில் புரட்டினாலே போதும், மறுபடி ஸ்கேன் தேவையில்லை.

திருத்தியதும் வானம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைகிறது

ஜேபெக் கோப்பைத் திருத்தியிருப்பீர்கள். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், நெகட்டிவைத் திருப்பி இழுத்து நீட்டும்போது அது போதாமல் பட்டை பட்டையாகிறது. 48-பிட் டிஃப்பில் திருத்தி முடித்து, கடைசியாக ஜேபெக் எடுங்கள். டிஃப்பை அழிக்காதீர்கள். வியூஸ்கேனில் 'ரா ஃபைல்' (திருத்தாத மூலக் கோப்பு) சேமித்து வைத்தால், பிறகு நெகட்டிவைத் தொடாமலே அந்தக் கோப்பிலிருந்து மறுபடி வண்ணம் எடுக்கலாம்.

கணினியில் நன்றாக இருந்தது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கெட்டுவிட்டது

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள்.

1979-இல் எடுத்த படம் கைப்பேசியில் நேற்று எடுத்ததாக வருகிறது

கோப்புக்குள் இருப்பது ஸ்கேன் செய்த தேதி. டிஜிகேம் என்ற மென்பொருள் இலவசம், அதில் தேதியை மொத்தமாக மாற்றலாம், எக்ஸிஃப்டூல் தெரிந்தால் அதுவும் செய்யும். நாள் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் சரியாகப் போட்டு ஜனவரி 1 என்று வையுங்கள். கோப்பின் பெயரில் தோட்டம், டிவிஷன், சுருள் எண், பட எண் நான்கும் இருக்கட்டும், நெகட்டிவ் உறையிலும் அதே சுருள் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறும். படத்தில் நிற்பவர்களின் பெயரைக் கேட்டுக் குறிப்புப் பகுதியில் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, இடமிருந்து வலமாக. நெகட்டிவைத் திரும்ப மைலோ டின்னில் போடாமல் காகித உறைக்கு மாற்றி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள்.